எண்ணெய்க்குக் காவல் உண்டு, பிள்ளைகளுக்கு?

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். வீட்டில் யாராவது கப்பல் வேலையில் இருந்தாலும், பிள்ளையைக் கப்பலுக்கு அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாலும், கடைசி வரை படித்துவிடுங்கள்.

2025 ஜூன் மாதம் ஈரானுக்கும் இஸ்ரேலுக்கும் சண்டை நடந்தபோது, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் தம்பி மகள் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். "எங்கேயோ சண்டை நடந்தா இங்க ஏன் அத்தை கேஸ் விலை ஏறும்னு பயப்படறாங்க?" அன்றைக்கு அவசரத்தில் ஒரு வரியில் பதில் போட்டேன். ஒரு வரியில் அடங்குகிற விஷயம் இல்லை அது.

பழக்கம் விடவில்லை, முதலில் வரைபடத்தைப் பார்ப்போம். பாரசீக வளைகுடா ஒரு பை மாதிரி. சவுதி, குவைத், ஈராக், ஈரான், கத்தார், அமீரகம் எல்லாம் அந்தப் பையைச் சுற்றி உட்கார்ந்திருக்கின்றன. பையின் வாய்தான் ஹோர்முஸ் நீரிணை. மிகக் குறுகிய இடத்தில் அகலம் சுமார் 33 கிலோமீட்டர். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்குகிறோமே, அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதிலும் பெரிய கப்பல்கள் போவதற்கு ஒரு தடம், வருவதற்கு ஒரு தடம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் அகலம். உலகம் பயன்படுத்தும் எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு, நாளொன்றுக்கு சுமார் 2 கோடி பீப்பாய், 2024-ல் அந்தச் சந்து வழியாகத்தான் வெளியே வந்தது.

நம் நாட்டுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்துதான் வருகிறது. 2022-க்குப் பிறகு ரஷ்ய எண்ணெய் நிறைய வாங்குவதால் வளைகுடாவின் பங்கு கொஞ்சம் குறைந்தது. ஆனால் சமையல் எரிவாயு அப்படி இல்லை. நாம் எரிப்பதில் பாதிக்கு மேல் இறக்குமதி. அதில் பெரும்பகுதி இந்த வாய் வழியாகத்தான் வர வேண்டும். ஆகவே என் தம்பி மகளுக்குப் பதில்: உன் அடுப்பின் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டே போனால், ஹோர்முஸில்தான் போய் நிற்பாய்.

நம் மணலி சுத்திகரிப்பு ஆலையின் கதையும் இங்கே சொல்ல வேண்டியதுதான். 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் அதைத் தொடங்கியவர்கள் யார் தெரியுமா? இந்திய அரசு, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம், அமெரிக்காவின் அமோகோ கம்பெனி, மூவரும் சேர்ந்து. 1969-ல் ஆலை ஓடத் தொடங்கியது. இன்று ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத இரண்டு நாடுகள் அன்று நம் ஊரில் பங்காளிகள்.

எண்ணெய் வரும் கடல்வழியைத் தாக்கினால் ஒரு ஊரையே கலங்கடிக்கலாம் என்பதை நம் சென்னை நூறு வருஷத்துக்கு முன்பே பார்த்துவிட்டது. ஆளை மிரட்டுகிற, எதற்கும் துணிந்த ஒருவரை "சரியான எம்டன்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். எம்டன் என்பது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர். முதல் உலகப்போர் தொடங்கிய வருஷம், 1914 செப்டம்பர் 22 இரவு, அது மெட்ராஸ் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. கேப்டன் பெயர் கார்ல் ஃபான் முல்லர். ஊரில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அரை மணி நேரத்துக்குள் சுமார் 130 குண்டுகளைப் போட்டுவிட்டு இருட்டில் மறைந்தது. உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் அதன் நினைவாகப் பதித்த கல்வெட்டை இன்றும் பார்க்கலாம்.

முல்லர் குறி வைத்தது கோட்டையை அல்ல, துறைமுகத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை. அன்றைக்கு நம் வீடுகளில் விளக்கு எரிய மண்ணெண்ணெய் பர்மாவிலிருந்து கப்பலில்தான் வந்தது. தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற கப்பலிலும் குண்டு விழுந்தது. உயிர்ச்சேதம் என்று பார்த்தால் ஐந்தாறு பேர்தான். ஆனால் அடுத்த சில நாட்களில் ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். வங்காள விரிகுடாவில் சரக்குக் கப்பல்கள் துறைமுகத்தை விட்டு நகரவே பயந்தன. நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பல் எம்டனை அடித்து நொறுக்கும் வரை இந்தப் பயம் தீரவில்லை. ஒரே ஒரு கப்பல். ஒரு சமுத்திரத்தின் வியாபாரத்தையே நிறுத்திவிட்டது. எண்ணெய்க் கப்பலுக்குக் காவல் எதற்கு என்று கேட்டால் இதுதான் பதில்.

சரி, காவல் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

1980 முதல் 1988 வரை ஈரானும் ஈராக்கும் சண்டையிட்டன. 1984-க்குப் பிறகு இரண்டு பக்கமும் எதிரியின் எண்ணெய் ஏற்றிய கப்பல்களை அடிக்க ஆரம்பித்தன. "டேங்கர் போர்" என்றே அதற்குப் பெயர். நானூறுக்கும் மேற்பட்ட கப்பல்கள் தாக்கப்பட்டன. குவைத் தன்னுடைய டேங்கர்கள் 11-ஐ அமெரிக்கக் கொடிக்கு மாற்றிக்கொண்டது. அமெரிக்கக் கொடி பறந்தால் அமெரிக்கக் கடற்படை காவலுக்கு வரும் அல்லவா?

1987 ஜூலையில் முதல் அணி கிளம்பியது. நடுவில் பிரிட்ஜ்டன் என்ற பிரம்மாண்டமான டேங்கர், சுற்றிலும் போர்க்கப்பல்கள். ஜூலை 24 அன்று பிரிட்ஜ்டன் கடல் கண்ணியில் மோதியது. அதன் பிறகு நடந்ததைக் கேளுங்கள். டேங்கர் முன்னே போனது, காவலுக்கு வந்த போர்க்கப்பல்கள் அதன் பின்னால் வரிசையாகப் போயின. டேங்கரின் பெரிய உடம்பு கண்ணிவெடியைத் தாங்கும், போர்க்கப்பலின் மெல்லிய உடம்பு தாங்காது என்பது காரணம். காவல்காரருக்கு யாரைக் காக்க வந்தாரோ அவரே கேடயம்!

இன்னொன்று இதைவிடக் கொடுமை. 1988 ஜூலை 3 அன்று, அதே வளைகுடாவில் இருந்த வின்சென்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல், வானத்தில் தெரிந்த ஒரு விமானத்தைப் போர் விமானம் என்று நினைத்துச் சுட்டு வீழ்த்தியது. அது துபாய்க்குப் போய்க்கொண்டிருந்த ஈரானியப் பயணிகள் விமானம். 290 பேரும் இறந்தார்கள். அதில் 66 குழந்தைகள். பத்து பேர் இந்தியர்கள். எண்ணெய்க்குக் காவல் என்று போன இடத்தில், எண்ணெய்க்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் உயிரைக் கொடுத்தார்கள்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 2019 ஜூன் 13 அன்று ஓமான் வளைகுடாவில் இரண்டு டேங்கர்கள் வெடித்துத் தீப்பிடித்தன. ஒரு வாரத்துக்குள் நம் கடற்படை "ஆபரேஷன் சங்கல்ப்" என்ற காவல் பணியைத் தொடங்கியது. முதலில் போன இரண்டு போர்க்கப்பல்களின் பெயர் ஐஎன்எஸ் சென்னை, ஐஎன்எஸ் சுனைனா. 1914-ல் காவல் இல்லாமல் அடி வாங்கிய ஊரின் பெயரைத் தாங்கிய கப்பல், எண்ணெய்க் கப்பல்களுக்குக் காவலாக ஹோர்முஸ் பக்கம் போனது. செய்தியில் அந்தப் பெயரைப் படித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் அந்தச் செய்தியில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். "இந்தியக் கொடி ஏற்றிய கப்பல்களுக்கு" என்று இருந்தது. விஷயம் அங்கேதான் இருக்கிறது.

கப்பலுக்கு ஒரு சொந்தக்காரர், ஒரு கொடி, ஒரு வாடகைக்காரர், ஒரு நிர்வாகக் கம்பெனி, வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு ஏஜென்சி என்று ஐந்து பேர் ஐந்து நாட்டில் இருப்பார்கள். பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் ஆகியவற்றின் கொடிதான் உலகில் அதிகம் பறக்கிறது. கடலில் காப்பாற்றும் முதல் பொறுப்பு கொடிக்கு உரிய நாட்டுடையது. மார்ஷல் தீவுகளிடம் எத்தனை போர்க்கப்பல் இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நம் நாட்டுக்கு வந்து போகும் சரக்கில் இந்தியக் கொடிக் கப்பல்களின் பங்கு பத்தில் ஒன்றுகூட இல்லை. ஆனால் உலகக் கப்பல்களில் வேலை செய்பவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இந்தியர். அதாவது நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் அடுத்தவர் கொடியின் கீழ்தான் இருக்கிறார்கள்.

2019 ஜூலை 19 அன்று ஸ்டெனா இம்பெரோ என்ற டேங்கரை ஈரான் பிடித்தது. சொந்தக்காரர் சுவீடன் நாட்டவர். கொடி பிரிட்டனுடையது. சண்டை பிரிட்டனுக்கும் ஈரானுக்கும். உள்ளே இருந்த 23 பேரில் 18 பேர் நம்மவர்கள். கப்பல் வெளியே வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. 2023 டிசம்பர் 23 அன்று கெம் புளூட்டோ என்ற டேங்கர் சவுதியிலிருந்து மங்களூருக்குக் கச்சா எண்ணெய் கொண்டு வந்தபோது, குஜராத் கரைக்கு 200 கடல் மைலில் அதன்மேல் டிரோன் வந்து விழுந்தது. லைபீரியக் கொடி. உள்ளே 20 இந்தியர்கள். நம் கடலோரக் காவல்படையின் விக்ரம் கப்பல்தான் மும்பைக்குத் துணையாக வந்தது.

நம் கடற்படை கொடியை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறது என்று சொன்னால் பாவம். 2024 ஜனவரி 26, நாம் இங்கே கொடியேற்றி மிட்டாய் கொடுத்த குடியரசு தினம். அன்று ஏடன் வளைகுடாவில் ஹூதிகளின் ஏவுகணை பட்டு மார்லின் லுவாண்டா என்ற டேங்கர் பற்றிக்கொண்டது. உள்ளே இருந்தது நாஃப்தா, பெட்ரோல் மாதிரி சட்டென்று பிடிக்கும். 22 இந்தியர்கள், ஒரு வங்கதேசத்தவர். கொடி மார்ஷல் தீவுகளுடையது. நம் ஐஎன்எஸ் விசாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தது. பத்துப் பேர் கொண்ட தீயணைப்புக் குழு அந்தக் கப்பலில் ஏறி, கப்பல் ஊழியர்களோடு சேர்ந்து ஆறு மணி நேரம் போராடித் தீயை அணைத்தது. கேப்டன் அவிலாஷ் ராவத்துக்கும் அவருடைய ஊழியர்களுக்கும் சர்வதேசக் கடல்சார் அமைப்பு அந்த வருஷத்தின் வீரதீர விருதைக் கொடுத்தது. படிக்கும்போதே உடம்பு சிலிர்க்கிறது. ஆனாலும் யோசித்துப் பாருங்கள், அது மனிதாபிமானத்தில் வந்த உதவி. பக்கத்தில் கப்பல் இருந்தது, வந்தது. அதை நம்பி ஒரு குடும்பம் பிள்ளையை அனுப்ப முடியுமா?

இதை நான் ஏன் இவ்வளவு தூரம் எழுதுகிறேன் என்றால், ஜூன் மாதம் எனக்கு ஒரு போன் வந்தது. என்னிடம் நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் படித்த பையன். பெயர் வேண்டாம். எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. டேங்கரில் பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அப்பா இல்லை. வீட்டுக் கடன் இருக்கிறது, தங்கை கல்யாணத்துக்கு நிற்கிறாள்.

"டீச்சர், ஃபுஜைராவுக்கு வெளிய நங்கூரம் போட்டு நிக்கிறோம். உள்ள போயி லோடு எடுக்கச் சொல்றாங்க. ஜிபிஎஸ் வேலை செய்யல டீச்சர். நடுக்கடல்ல நிக்கிறோம், நாங்க தரையில நிக்கிற மாதிரி காட்டுது" என்றான். ஃபுஜைரா என்பது ஹோர்முஸுக்கு வெளியே, அமீரகத்தின் துறைமுகம். அந்தச் சமயம்தான் அந்தப் பக்கம் இரண்டு டேங்கர்கள் ஒன்றோடொன்று மோதித் தீப்பிடித்திருந்தன.

"உள்ளே போக மாட்டேன்னு சொல்ல முடியுமாப்பா?" என்று கேட்டேன்.

"கேட்டுப் பார்த்தேன் டீச்சர். நான் கையெழுத்துப் போட்ட பேப்பர்ல அப்படி எதுவும் இல்லையாம். போகலன்னா சொந்தச் செலவுல ஊருக்குப் போன்னுட்டாங்க. அப்புறம் அந்த ஏஜென்சி மறுபடி கூப்பிடவே மாட்டான்."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு, "அம்மாகிட்ட துபாய்ல இருக்கேன்னு சொல்லியிருக்கேன். நீங்களும் அப்படியே சொல்லுங்க டீச்சர்" என்றான்.

அன்று சாயந்திரமே அவன் அம்மா வந்துவிட்டார். கையில் செல்போன். டிவி செய்தியை யாரோ அனுப்பியிருக்கிறார்கள். "டீச்சர், இந்த ஹோர்முஸ்ங்கிறது துபாய்லயிருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் வரைபடம் காட்டிப் பாடம் நடத்தியவளிடம் தூரம் கேட்கிறார். நான் வரைபடத்தை மடித்து வைக்கவில்லை. துபாய் எங்கே, ஹோர்முஸ் எங்கே என்று காட்டினேன். அவன் எங்கே இருக்கிறான் என்பதை மட்டும், "அதை அவன் வாயால் கேளுங்க, இன்னிக்கு ராத்திரி பேசச் சொல்றேன்" என்றேன். அவனுக்கும் அதையே சொன்னேன். "அம்மாவுக்குத் தெரியாம நீ ஆபத்துல இருந்தா அது அம்மாவைக் காப்பாத்துறது ஆகாது. நீ சொல்லு."

அவன் சொன்னான். அந்த அம்மா அழவில்லை. "அரிசி வாங்கற காசு அந்தக் கடல்லயிருந்துதான் வருதுன்னு எனக்குத் தெரியாதா டீச்சர்? சொல்லிட்டுப் போடான்னுதான் சொல்றேன்" என்றார். அடுத்த நான்கு நாள் தேனுபுரீஸ்வரர் கோயிலில் இரண்டு வேளையும் அவரைப் பார்த்தேன். கப்பல் உள்ளே போய், லோடு எடுத்து, வெளியே வந்தது. போன மாதம் பையன் ஊருக்கு வந்து, என்னையும் பார்த்துவிட்டுப் போனான். இளைத்திருந்தான். மற்றபடி நலம்.

அவன் வந்தபோது இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியதில் தெரிந்துகொண்டவைதான் இனி சொல்லப்போவது. கப்பலுக்குப் போகும் என் மாணவர்களே, அவர்களைப் பெற்றவர்களே, கையெழுத்துப் போடும் முன் இவற்றைக் கேளுங்கள்.

ஒன்று, ஏஜென்சிக்கு மத்திய அரசின் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகம் கொடுக்கும் ஆர்பிஎஸ்எல் உரிமம் இருக்கிறதா? உரிமம் பெற்றவர்கள் பட்டியல் அந்தத் துறையின் இணையதளத்திலேயே இருக்கிறது. வேலை வாங்கித் தருகிறேன் என்று உங்களிடம் பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பணம் வாங்கவே கூடாது என்பது சட்டம்.

இரண்டு, கப்பலின் பெயர் என்ன, கொடி எந்த நாட்டுடையது? இதைச் சொல்லாமல் டிக்கெட் மட்டும் கொடுக்கிறவர்களிடம் போகாதீர்கள்.

மூன்று, தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள கப்பலா? இதுதான் முக்கியம். சர்வதேசக் கடலோடிகள் சங்கங்களும் கப்பல் முதலாளிகளும் சேர்ந்த ஐபிஎஃப் என்ற அமைப்பு சில கடல்பகுதிகளைப் போர் அபாயப் பகுதி என்று அறிவிக்கிறது. செங்கடலின் தென்பகுதியையும் ஏடன் வளைகுடாவையும் 2024-ல் அப்படித்தான் அறிவித்திருந்தார்கள். அந்த ஒப்பந்தம் உள்ள கப்பலில் இருப்பவருக்கு அங்கே இருக்கும் நாட்களில் அடிப்படைச் சம்பளம் இன்னொரு மடங்கு உண்டு. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து வந்தால் இழப்பீடு இரு மடங்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, "நான் வரவில்லை" என்று சொல்லும் உரிமை உண்டு. கம்பெனி செலவில் ஊருக்கு அனுப்ப வேண்டும். ஒப்பந்தம் இல்லாத கப்பலில் இருப்பவருக்கு அதே கடல், அதே ஏவுகணை, உரிமை மட்டும் வேறு.

நான்கு, பிடிபட்டால் சம்பளம் தொடருமா என்று எழுத்தில் கேளுங்கள். கடற்கொள்ளையரிடம் பிடிபட்டவருக்கு ஒப்பந்தமும் சம்பளமும் தொடர வேண்டும் என்று சர்வதேச விதி இருக்கிறது. ஒரு நாட்டின் ராணுவம் கப்பலைப் பிடித்துவைத்தால் என்ன என்பதை அந்த விதி தனியாகச் சொல்லவில்லை. ஆகவே உங்கள் பேப்பரில் இருந்தால்தான் உண்டு.

ஐந்து, வீட்டில் ஒருவருக்காவது உண்மையைச் சொல்லிவிட்டுப் போங்கள். கப்பல் பெயர், ஐஎம்ஓ எண், ஏஜென்சி போன் நம்பர், சிடிசி நகல் எல்லாம் அம்மாவின் பீரோவில் ஒரு கவரில் இருக்க வேண்டும். நாளைக்கு ஒன்று என்றால் அரசாங்கத்திடம் மனு கொடுக்க அந்தக் கவர்தான் வேண்டும்.

கப்பலுக்கே போகாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எத்தனையோ வீடுகளில் அந்த வருமானத்தில்தான் அடுப்பு எரிகிறது. கடற்படை காவல் நிற்பதும் அவசியம்தான். 1914 அதைக் காட்டிவிட்டது. ஆனால் ஒரு பெரிய டேங்கரில் 20 லட்சம் பீப்பாய் எண்ணெய் இருக்கும். அதற்கு இன்சூரன்ஸ் உண்டு, கப்பலுக்கு இன்சூரன்ஸ் உண்டு, வழியில் போர் அபாயம் கூடினால் பிரீமியம் கூடும், அந்தப் பணத்தை யாராவது கட்டிவிடுவார்கள், கடைசியில் விலையாக நம் தலையில் வரும். எண்ணெய்க்கு எல்லாக் கணக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைக் கொண்டு வரும் இருபத்தைந்து பேருக்கு மட்டும் கொடியைப் பொறுத்து, பேப்பரைப் பொறுத்து, அதிர்ஷ்டத்தைப் பொறுத்து என்று விட்டுவைத்திருக்கிறார்கள். இந்தியக் கொடியோ வேறு கொடியோ, போர்ப் பகுதிக்குள் போக மறுக்கும் உரிமை நம் நாட்டுக் கடலோடி ஒவ்வொருவருக்கும் வேலை ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும் என்று நம் அரசு விதி செய்தால், அது ஒரு போர்க்கப்பல் அனுப்புவதற்குச் சமம். செலவும் குறைவு.

என் மாணவர்களில் வக்கீல்கள் இருக்கிறீர்கள், அரசு அலுவலகங்களில் இருக்கிறீர்கள், பத்திரிகையில் இருப்பவர்களும் உண்டு. இதைப் பற்றி உங்களால் என்ன செய்ய முடியும் என்று யோசியுங்கள். கப்பலில் இருக்கும் பிள்ளைகள் படித்தால், எந்தக் கடலில் இருந்தாலும் சரி, இன்று ராத்திரி வீட்டுக்குப் பேசுங்கள். இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், மாடம்பாக்கம்